மாதம் ஒரு பேர்க்காசு டீவிக்கா?

சம்பளம் கைக்கு வந்ததும் கடைக்கடன், சீட்டுக்காசு, பிள்ளைகளின் டியூசன் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கிறோம். கடைசியில் மிஞ்சுவதிலும் கைவைக்க ஒன்று காத்திருக்கிறது. அதுதான் டீவிக் காசு. டவுனுக்குப் பக்கத்துத் தோட்டங்களில் கேபிள் கட்டணம், உள்தோட்டங்களில் டிஷ் ரீலோட். இந்தச் செலவைப் பற்றி நமது கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. இம்முறை பேசுவோம்.

ஏழைத் தொழிலாளிக்கு டீவி எதற்கு என்று கேட்பவர்களோடு நாம் சேரமாட்டோம். பகல் முழுவதும் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்து, வீடு வந்து அடுப்படி வேலையும் முடித்த ஒரு பெண் அரைமணி நேரம் உட்கார்ந்து நாடகம் பார்ப்பது அவளுடைய உரிமை. அதற்கு இவ்வளவு காசு கொடுக்கத்தான் வேண்டுமா என்பதே நமது கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2021 இல் 1000 ரூபாயாக இருந்த நாட்சம்பளம், எத்தனையோ போராட்டங்களுக்குப் பின்னர் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. மாதம் ஒரு பேர்க்காசு டீவிக்குப் போனால் வருடத்துக்கு 12 பேர். அந்தச் சம்பளப்படி 16,200 ரூபாய். பிள்ளைகளின் சப்பாத்து, புத்தகப்பை, கொப்பி எல்லாவற்றுக்கும் போதுமான காசு அது.

மாதக் காசு கட்டாமலே பார்க்கக்கூடிய தமிழ்ச் சனல்கள் நமது நாட்டில் இருக்கின்றன. சக்தி 1998 இலும் வசந்தம் 2009 இலும் தொடங்கின. ரூபவாஹினியின் தமிழ்ச் சேவையாக நேத்ரா இருக்கிறது. செய்தி, படம், பாட்டு எல்லாம் இவற்றில் உண்டு. ஓர் அன்டனா இருந்தால் போதும். இந்தியச் சனல்களின் நாடகங்கள் எல்லாம் இவற்றில் கிடைக்காது என்பது உண்மைதான். அது வேண்டியவர்கள் ஆகக் குறைந்த பெக்கேஜை எடுக்கலாம். கொழுந்து குறைந்து பேரும் குறைந்த மாதங்களில் ரீலோட் போடாமல் விடலாம். அன்டனா இருந்தால் அந்த மாதத்திலும் வீட்டில் டீவி ஓடும்.

“எங்கள் தோட்டத்தில் படம் தெளிவாக வராதே” என்று பலர் சொல்வார்கள். 1982 இல் தொடங்கிய ரூபவாஹினியின் கோபுரம் நமது பீதுருதாலகால மலை உச்சியில்தான் நிற்கிறது. ஆனாலும் அதன் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவதால், நடுவில் ஒரு மலை நின்றால் பின்னால் உள்ள பள்ளத்து லயத்துக்குச் சரியாக எட்டாது. ஆகவே ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கூரையில் கம்பி கட்டி ஏமாறுவதை விட, லயத்தார் எல்லோரும் சேர்ந்து லயத்துக்கு மேலே உள்ள மேட்டில் ஒரே அன்டனா கட்டலாம். வயர் நீளமானால் படம் மங்கும். அதற்கு அன்டனாவுக்குப் பக்கத்திலேயே பூஸ்டர் பூட்ட வேண்டும். செலவைப் பத்து வீடு பிரித்துக்கொண்டால் பாரம் தெரியாது. முதலில் ஓர் அன்டனாவை இரவல் வாங்கி, மேட்டில் பல பக்கமும் திருப்பிப் பார்த்து, படம் வந்தால் மட்டும் காசைப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மின்சாரக் கம்பிக்குக் கிட்ட அன்டனாக் கம்பத்தை நிறுத்தாதீர்கள். இடி மின்னல் வருமுன்பே அன்டனா வயரையும் கரண்ட் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது கைத்தொலைபேசி. பிள்ளைகள் யூடியூபில் பார்ப்பதை 360 அளவில் வைத்தால் உயர்தரப் படத்தை விட டேட்டா பல மடங்கு குறையும். ஆனால் ஆளுக்கொரு போனில் தனித்தனியாக டேட்டா போட்டால் டிஷ்ஷில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். தோட்டத்தின் சனசமூக நிலையத்தில் பொதுவாக ஒரு டீவி இருந்தால், கிரிக்கெட்டையும் நல்ல படத்தையும் எல்லோரும் ஒன்றாகப் பார்க்கலாம். ஒரே டீவிக்கு முன்னால் ஒரு டிவிசனே கூடியிருந்த காலம் நமது பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

இதில் காசு மட்டுமல்ல, உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. பெருமழை அடிக்கும்போது டிஷ்ஷில் படம் நின்றுவிடுவதை நாம் அறிவோம். கரண்ட் போனால் எந்த டீவியும் இல்லை. மண்சரிவு எச்சரிக்கை நமக்கு வேண்டியிருப்பது அந்த நேரத்தில்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. பெட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ லயத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இரவு அதைக் கேட்பது யார் பொறுப்பு என்பதையும் லயத்தார் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

நாமே செய்யக்கூடியவை இவை. செய்ய வேண்டியவர்கள் வேறும் இருக்கிறார்கள். மலை மறைவில் உள்ள தோட்டங்களுக்கும் அலை எட்டும்படி சிறு ஒளிபரப்பு நிலையங்களை அமைப்பது அரசின் கடமை. டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஜப்பானிய முறையைத் தெரிவு செய்து 2014 இல் முடிவெடுக்கப்பட்டது. அது வரும் நாளில் பழைய டீவிகளுக்குத் தேவைப்படும் பெட்டியைத் தோட்டக் குடும்பங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். அதையும் நமது தலையில் கட்டக்கூடாது. சனசமூக நிலையங்களின் கூரையையும் மின் இணைப்பையும் தோட்ட நிர்வாகங்கள் திருத்திக் கொடுக்க வேண்டும்.

தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுங்கள். எந்த லயத்துக்கு எந்தச் சனல் வருகிறது, எந்த லயத்துக்கு ஒன்றுமே வருவதில்லை என்று எழுதி அனுப்புங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாம் அரசிடமும் நிர்வாகங்களிடமும் பேசுவோம். அதுவரை, அடுத்த ரீலோட்டுக்கு முன் லயத்தில் பத்துப் பேர் கூடி ஓர் அன்டனாவைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.