வரியில்லாக் கணக்கு யாருக்கு லாபம்?

தபாலாபீசுகளிலும் பாங்கிகளிலும் "வரி இல்லாத சேமிப்பு" என்கிற வார்த்தை வரவர அதிகமாய் அடிபட்டு வருகின்றது. கையில் நாலு காசு மீந்தவர் யாராயிருந்தாலும், "வரியில்லாக் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு போடு" என்றே அவருக்குச் சிபார்சு செய்யப்படுகின்றது. கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்லும் எந்தக் காரியத்திலும் நமக்குச் சந்தேகம் உண்டென்பது வாசகர்கள் அறிந்ததே. ஆதலால் இதையும் சற்றுக் கண்ணைத் திறந்து பார்ப்போம்.

வரி இல்லை என்றால் யாருக்கு இல்லை? வரி கட்ட வேண்டியவருக்கல்லவா அது சலுகை? வரியே கட்ட வேண்டாதவரிடம் போய் உனக்கு வரியில்லை என்பது, மொட்டைத் தலையனுக்குச் சீப்பு இனாம் கொடுத்த கதையல்லவா? 2025ஆம் வருஷத்து பட்ஜெட்டின்படி, புது வரி முறையில் சாதாரணமாய் 12 லட்சம் ரூபாய் வரை வருஷ வருமானமுள்ளவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. விவசாய வருமானத்துக்கோ மத்திய சர்க்காரின் வருமான வரி முன்பிருந்தே கிடையாது. அப்படியிருக்க, கூலிக்காரருக்கும் குடியானவருக்கும் சில்லரைக் கடைக்காரருக்கும் இந்தச் சலுகையால் கூடுதலாய்க் கிடைத்தது என்ன என்று கேட்கின்றோம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பி.பி.எப். என்னும் பொது வருங்கால வைப்பு நிதிக்கு 2020 ஏப்ரலில் நூற்றுக்கு 7.1 வட்டி என்று நிர்ணயித்தார்கள். அந்த வீதத்தில் லட்ச ரூபாய்க்கு வருஷ வட்டி 7,100 ரூபாய். நூற்றுக்கு 30 வரி கட்டுகிற பணக்காரர், வரி உள்ள வேறொரு கணக்கில் இதே 7,100 ரூபாயைக் கையில் மிச்சமாய்ப் பார்க்க வேண்டுமானால் அவருக்கு 10,140 ரூபாய்க்கு மேல் வட்டி வர வேண்டும். ஆகவே அவருக்கு இது பெரிய லாபந்தான். வரி கட்டாத கூலிக்காரருக்கோ 7,100 என்பது வெறும் 7,100 தான். வேறு டிபாசிட்டில் அதைவிட அரை வட்டி கூடக் கிடைக்குமானால், வரி உள்ளதென்று பெயர் பெற்ற அந்தக் கணக்கே அவருக்கு மேலானது.

நிற்க, இக்கணக்குகள் எல்லாம் ஒரே மாதிரியானவையுமல்ல. தபாலாபீசுச் சாதாரண சேமிப்புக் கணக்கில் வேண்டியபோது பணம் எடுக்கலாம். வட்டி 2011 முதல் நூற்றுக்கு 4 தான். தனி ஆள் கணக்கானால் வருஷத்துக்கு 3,500 ரூபாய் வட்டி வரை வரியில்லை. 1968இல் ஏற்பட்ட பி.பி.எப். கணக்கில் வருஷத்துக்கு 500 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை போடலாம். ஆனால் தவணை 15 வருஷம். ஏழாவது வருஷத்தில்தான் ஒரு பாகம் எடுக்க முடியும். மூன்றாம் வருஷம் முதல் கொஞ்சம் கடன் வாங்கலாம், அதற்கும் வரம்புண்டு. வரி இல்லை என்ற ஒரு சொல்லுக்காக விதைப் பணத்தை இதில் பூட்டிவிட்டு, ஆடி மாதத்தில் நூற்றுக்கு மூன்று மாத வட்டிக்குக் கடன் வாங்குகிறவர், 7.1 சம்பாதிப்பதற்காக 36 கொடுக்கிறார். இதற்குச் சேமிப்பு என்று பெயராம்!

ஆயினும் இந்தக் கணக்கில் வரியைவிடப் பெரிய அனுகூலம் ஒன்றுண்டு. அதை யாரும் எடுத்துச் சொல்லக் காணோம். கணக்குடையவர் பட்ட கடனுக்காக எந்தக் கோர்ட்டு டிக்ரியாலும் இப்பணத்தை ஜப்தி செய்ய முடியாது. வியாபாரம் நொடித்தாலும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியது நிற்கும். சிறு வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இதையே.

இன்னொன்று. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி கணக்கிடுகிறார்கள். அஷ்டமி, நவமி பார்த்து ஆறாம் தேதி பணம் கட்டினவருக்கு அத்தொகைக்கு அந்த மாதத்து வட்டி போயிற்று. பணம் கட்ட நல்ல நாள் எதுவென்று கேட்டால், ஐந்தாம் தேதிக்குள் எந்த நாளும், எந்த நேரமும் என்போம்.

2015இல் ஏற்பட்ட செல்வமகள் சேமிப்புக்கும் இதே விதிதான். இக்கணக்கைப் பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தையின் பேரில் தொடங்கலாம். வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் போதும். 2024 ஜனவரியில் இதற்கு 8.2 வட்டி நிர்ணயித்தார்கள். பி.பி.எப்.பைக் காட்டிலும் வட்டியே அதிகமானதால், வரி கட்டாத ஏழைக்கும் இதில் மெய்யாகவே லாபமுண்டு. 15 வருஷம் கட்ட வேண்டும். தொடங்கி 21 வருஷத்தில் முதிரும். ஆனால் நம்மவர்களோ இதைக் கல்யாணச் செலவுக்கும் நகைக்குமான உண்டியல் என்றே எண்ணிக் கட்டி வருகின்றார்கள். பெண் பத்தாம் வகுப்புத் தேறினாலும், அல்லது 18 வயதடைந்தாலும், மேல்படிப்புக்காக இருப்பில் பாதி வரை எடுக்கலாம் என்று சட்டம் இடங்கொடுக்கிறது. அன்றியும் 18 வயதானபின் அக்கணக்கை நடத்த வேண்டியவள் அந்தப் பெண்ணே தவிர, தகப்பனாரல்ல. அந்த விதியை அறிந்து, பாஸ் புஸ்தகத்தை அவள் கையில் கொடுத்த தகப்பன்மார் நம் ஊர்களில் எத்தனை பேர்?