நமக்கு எந்தக் கட்சியும் கிடையாதுங்க

2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் அறிவித்து, வேட்புமனுக்களும் வாங்கியாகிவிட்டது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று திமுக தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. அதன் பிறகு கிராம ஊராட்சிகளுக்குத் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில்; அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். எஞ்சிய ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கும் மேலாகச் சென்னை மாநகராட்சிக்கு மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லப் போனால், கேட்டுக்கொள்ள ஓர் அதிகாரி இருந்தார். பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எவரும் இல்லை.

அத்தனை வருஷமும் நாம் சும்மா இருக்கவில்லை. வாதாடிக்கொண்டிருந்தோம். “கேஸ் போட்டு நிறுத்தினதே திமுகதானே” என்றோம். இல்லையென்றால், “வார்டு வரையறையை முடிக்காம இழுத்தடிச்சது அதிமுகதானே” என்றோம். இரண்டிலும் உண்மை இருந்தது. அதனால்தான் வாதம் முடியவே இல்லை. தப்பு யார் மேல் இருந்தாலும் சரி, தேர்தல் என்றைக்கு என்ற கேள்வி எந்தக் கட்சிக்கும் ஆதாயம் தராத கேள்வி. நாம்தான் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நாம் என்று இங்கே சொல்வது கட்சிக்காரர்களை அல்ல. கரைவேட்டி கட்டியவர் தன் கட்சிக்காகப் பேசினால் அது அவர் பாடு. அதற்காக அவர் வெயிலில் அலைகிறார், போஸ்டர் ஒட்டுகிறார், வழக்கு வாங்குகிறார். உறுப்பினர் அட்டை இல்லாத, “நமக்கு எந்தக் கட்சியும் கிடையாதுங்க” என்று சொல்லிக்கொள்கிற நம்மைத்தான் சொல்கிறேன். அட்டை இல்லையே தவிர, பேச்செல்லாம் இரவல். ஆற்றில் மணல் அள்ளுகிறார்கள் என்று ஒருவர் சொன்னால், “அவங்க ஆட்சியில அள்ளலையா?” என்கிறோம். அந்த ஒரு கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது, லாரி நிற்பதில்லை. டாஸ்மாக்கோ கச்சத்தீவோ நீட் தேர்வோ, எதை எடுத்தாலும் யார் ஆட்சியில் தொடங்கியது என்று கண்டுபிடித்துவிட்டால் கடமை முடிந்தது. இந்தப் பாடத்தைத் தொலைக்காட்சி விவாதங்கள் தினமும் இரவு நடத்துகின்றன. நாமும் தவறாமல் வகுப்புக்குப் போகிறோம்.

நமக்கு ஒரு பெருமை உண்டு. மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் நாம். 1991-இல் ஒரு கட்சி, 1996-இல் இன்னொன்று. 2001, 2006, 2011 என்று ஒவ்வொரு முறையும் புரட்டிப்போட்டோம். 1996-இல் பதவியில் இருந்த முதலமைச்சரையே பர்கூரில் தோற்கடித்தோம். “தமிழ்நாட்டு ஜனங்க புத்திசாலிங்க” என்று டெல்லிப் பத்திரிகைகள் எழுதாவிட்டாலும் நாமே சொல்லிக்கொண்டோம். ஆனால் தோற்றவரிடம் நாம் கணக்குக் கேட்டோமா? ஐந்து வருஷம் கழித்து அவரே திரும்பி வந்தபோது, போன முறை இதற்காக அனுப்பினோம், அது இப்போது சரியாகிவிட்டதா என்று விசாரித்தோமா? எதிர்த்தரப்பின் மேல் நமக்குக் கோபம் வரும்வரை காத்திருந்தால் போதும் என்பதை இரண்டு கட்சிகளும் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தன. தோல்வி அவர்களுக்கு விடுமுறையாக இருந்தது. திருந்த வேண்டிய அவசியத்தை நாம் உண்டாக்கவில்லை. கோபப்பட்டு ஓட்டுப்போடுவது வேறு, யோசித்துப் போடுவது வேறு. இதைச் சொல்லாமலே இத்தனை தேர்தல்களைக் கடந்துவிட்டோம்.

2017-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் அதிமுக சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் அடைந்துகிடந்தபோது அவர்களின் கைபேசி எண்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. பலர் கூப்பிட்டும் பேசினார்கள். தொகுதிக்காரன் தன் எம்.எல்.ஏ.வைக் கேள்வி கேட்ட அபூர்வமான காலம் அது. நம்பிக்கை வாக்கெடுப்பு முடிந்ததும் அதுவும் ஓய்ந்தது. செப்டம்பரில் 18 உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். அந்த 18 தொகுதிகளுக்கும் 2019 ஏப்ரல் வரை இடைத்தேர்தல் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேல் அங்கிருந்த லட்சக்கணக்கான மக்களுக்குச் சட்டமன்றத்தில் பேச ஆளில்லை. நாம் பேசியதெல்லாம் எண்ணிக்கை: 117 இருக்கிறதா, கவிழுமா, கவிழாதா? கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தத் தகுதிநீக்கத்துக்கு அடிப்படையான சட்டத்தைப் பற்றியும் நாம் அதிகம் யோசித்ததில்லை. 1985-இல் 52-ஆவது திருத்தத்தின் மூலம் கட்சித்தாவல் தடை அரசியலமைப்பில் சேர்ந்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் கட்சி மாறுகிறவர்களைத் தடுக்கத்தான் வந்தது, தேவையும் இருந்தது. ஆனால் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகும் என்றான பிறகு, மன்றத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்குச் சொந்த முடிவு என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. “கட்சி எப்படியோ, ஆள் நல்லவர்” என்று சொல்லி நாம் போடும் ஓட்டுக்கு உள்ள வலு அவ்வளவுதான். மாறிச் சிந்திக்கும் சுதந்திரம் சட்டப்படி இன்னும் முழுசாக இருப்பது ஓட்டுப்போடுகிறவனிடம் மட்டும்தான். எம்.எல்.ஏ.வை மடக்க ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. நாமோ, எந்தச் சட்டமும் கேட்காமலே, நம் சுதந்திரத்தைக் கட்சிகளிடம் ஒப்படைத்துவிட்டோம்.

சுயேச்சைக்குப் போடுவதுதான் இதற்கு மருந்து என்று நான் சொல்லவில்லை. 1996-இல் மொடக்குறிச்சியில் விவசாயிகளின் எதிர்ப்பாக 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சிட வேண்டியிருந்தது. அந்த எதிர்ப்பைக் கேட்ட நாடு செய்தது, சட்டமன்றத் தேர்தலுக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கியது. பிற்பாடு அது 10,000 ஆனது. 2017-இல் ஆர்.கே. நகரில் சுயேச்சை ஒருவர் வென்றார்தான். ஏப்ரலில் பணப்பட்டுவாடாவால் ரத்தான அதே இடைத்தேர்தல் டிசம்பரில் நடந்தபோது, 20 ரூபாய் நோட்டு டோக்கன் என்ற புகாரும் கூடவே வந்தது. சின்னம் மாறியதே தவிர, பழக்கம் மாறவில்லை. நோட்டாவும் அப்படித்தான். 2016 சட்டமன்றத் தேர்தலில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் அந்தப் பொத்தானை அழுத்தினோம். அதனால் ஒரு வேட்பாளரும் மாறவில்லை. மறுநாள் நாமும் அதை மறந்துவிட்டோம்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2009-இல் திருமங்கலம் இடைத்தேர்தலை வைத்து, ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் ஒரு ‘ஃபார்முலா’வுக்கே பெயர் வந்தது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று பணத்தால் தேர்தல் ரத்தாகிற இடமானோம். “நம்ம பணம்தானே, வாங்கிக்கோ, ஓட்டை இஷ்டப்படி போடு” என்று ஒருவருக்கொருவர் அறிவுரை சொன்னோம். வாங்காதவர்களும் அதை வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லிச் சிரித்தோம்.

நம் கையில் கொடுத்த கருவியையும் துருப்பிடிக்க விட்டோம். வேட்பாளரின் குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்சிகள் வேறுபாடு மறந்து ஒன்றுகூடி அதை மழுங்கடிக்கச் சட்டத்தைத் திருத்தின. 2003 மார்ச்சில் அந்தத் திருத்தத்தையும் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்படிக் கிடைத்ததுதான் இன்றைய படிவம் 26. தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பக்கத்துக்குப் பக்கம் நோட்டரி முத்திரை, கையெழுத்து. கையிருப்பு ரொக்கம், மனைவி பெயரில் எத்தனை கிராம் நகை, எந்தக் கிராமத்தில் எந்த சர்வே எண்ணில் எவ்வளவு நிலம், எந்தக் காவல் நிலையத்தில் எந்தப் பிரிவில் வழக்கு, அரசுக்குப் பாக்கி உண்டா? அதே வேட்பாளர் போன தேர்தலில் கொடுத்ததையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால், அந்த ஐந்து வருஷம் அவருக்கு எப்படிப் போனது என்று தெரிந்துவிடும். பெண் கொடுக்கும் இடத்தை மூன்று தெரு தாண்டிப் போய் விசாரிக்கிற நாம், அரை மணி நேரத்தில் படித்துவிடக்கூடிய இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கட்சிகளே வேண்டாம் என்பது என் வாதமல்ல. சத்துணவும் 69 சதவீத இடஒதுக்கீடும் கட்சி அரசியலால் வந்தவை. டீக்கடை பெஞ்சில் உட்கார விடாமல் ஒதுக்கப்பட்டவருக்குத் தோளில் போட்ட கட்சித் துண்டு தந்த மரியாதையை, பிறந்ததிலிருந்தே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஏளனம் செய்ய முடியாது. சொல்லப்போனால் ‘நடுநிலை’ என்ற பெயரில் நம்மில் பலர் வைத்திருப்பது வெறும் அலட்சியம். எல்லாரும் திருடங்க என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறோம். அத்தனை வருஷம் காத்திருந்து 2022-இல் வந்த மாநகராட்சித் தேர்தலில் சென்னை போட்ட ஓட்டு 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கட்சித் தொண்டர் போய்ப் போட்டார். நாம் போகவில்லை. பிறகு, கட்சிக்காரர்கள்தான் கவுன்சிலராகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் வரவில்லை, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். இந்த முறை ஆட்சியில் இருந்தது திமுக, தாமதம் ஏன் என்று கேட்ட இடத்தில் அதிமுக. வசனத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆள் மட்டும் இடம் மாறிக்கொண்டார்கள். நாமும் பழைய வாதத்தைத் திருப்பிப்போட்டுத் தொடர்ந்தோம்.

தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கூடத்தான் செய்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பல ஊர்களில் அது நடக்கும் விதம் நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து மரத்தடியில் பத்து பிளாஸ்டிக் நாற்காலி. நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களை வரிசையில் நிறுத்தித் தீர்மானப் புத்தகத்தில் முதலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஊராட்சிச் செயலர் தீர்மானங்களை ஒரே மூச்சில் வாசிப்பது அதற்குப் பிறகுதான். அதற்குள் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். அங்கே போக எந்தக் கட்சியின் அட்டையும் தேவையில்லை. அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தேர்தல் என்றைக்கு என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு போடுங்கள்.