அவர்களுக்கு ஏன் இந்த வேலை?

"அவர்களுக்கு ஏன் ஸார் இந்த வேலை? எல்லாம் மதம் மாற்றத்தான்!"

கிறிஸ்தவத் தொண்டர் எவரேனும் ஒரு குக்கிராமத்துக்குப் போய் நாலு கிழங்களுக்குக் கஞ்சி ஊற்றினார் என்று கேள்விப்பட்டால் போதும். நம்முடைய படித்த கனவான்களின் வாயிலிருந்து இந்த வாக்கியம் தயாராக வந்து விழும். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. வடபழனி ஆண்டவர் கோயிலுக்குக் கிருத்திகை தவறாமல் போகிறவர்கள். ஆனால் அந்த வேலை உண்மையில் யாருடைய வேலை என்பதை மட்டும் அவர்கள் கேட்பதில்லை.

1839-ஆம் வருஷம் பனிக்காலத்தில், பிரான்ஸ் தேசத்து ஸான் ஸெர்வான் என்ற ஊரில், ஜான் ஜுகான் என்பவள், கண் தெரியாமல் பாதி உடம்பும் விழுந்துபோன ஒரு கிழவியைத் தூக்கி வந்து தன் கட்டிலில் படுக்க வைத்தாள். தான் பரணில் போய்ப் படுத்தாள். அப்போது அவளுக்கு வயது 47. வீட்டு வேலை செய்து பிழைத்தவள். கிழவிகள் பெருகவே, கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் பிச்சைக்குப் போனாள். ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற சபை இப்படித்தான் பிறந்தது. 1882-ல் அது கல்கத்தாவுக்கு வந்தது. பிறகு சென்னைக்கும் வந்தது.

கிறிஸ்தவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று வாதாட நான் வரவில்லை. அந்த ஜுகானையே ஒரு பாதிரியார் தலைமையிலிருந்து இறக்கிவிட்டு, சபையை ஸ்தாபித்தவர் தாமே என்று பெயர் வாங்கிக்கொண்டார். 27 வருஷம் மடத்தின் மூலையில் கிடந்து, 1879-ல் அவள் செத்தபோது, அங்கிருந்த இளம் சகோதரிகள் பலருக்கு அவள் யார் என்றே தெரியாது! புனிதர் பட்டம் 2009-ல் கிடைத்தது.

சரி, இங்கே வருவோம். 1974-ல் ஸெஸில் ஜாக்ஸன் கோல் என்ற ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வந்தார். வியாபாரி, தீவிரக் கிறிஸ்தவர். இங்குள்ள முதியோருக்காக ஸாம்ஸன் டேனியல் என்பவர் அவரிடம் பண உதவி கேட்டார். வந்தவர் பணம் தரவில்லை. உங்கள் ஜனங்களிடமே எப்படித் திரட்டுவது என்று கற்றுத் தருகிறேன் என்றார். டேனியல் தம்பதி லண்டனில் மூன்று மாதம் பயின்று திரும்பி, டில்லிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நடக்கச் சொல்லி நிதி சேர்த்தார்கள். 1978-ல் ஹெல்ப்பேஜ் இந்தியா பதிவாயிற்று. மதம் மாற்ற வந்தவர் செய்கிற காரியமா இது?

அந்த நோக்கத்தோடு வருகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. பசித்தவனிடம் சோற்றுக்கு விலையாக அவன் சாமியைக் கேட்பது ஈனம்தான். ஆனால் நாம் மட்டும் இனாமாகவா போடுகிறோம்?

எங்கள் பேட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பாருங்கள். குழந்தைக்குப் பிறந்தநாள், கோயிலில் அர்ச்சனை, பிறகு இங்கே அன்னதானம். சில ஞாயிறுகளில் மூன்று குடும்பங்கள் ஒன்றாக வந்துவிடும். சர்க்கரை வியாதிக்காரருக்கும் கேசரி. எண்பது வயசு மனுஷி எழுந்து நின்று, முன்பின் தெரியாத பொடியனுக்குக் கைதட்டி வாழ்த்துப் பாட வேண்டும். போட்டோ எடுத்து முடிகிற வரையில் இலையில் கை வைக்கக் கூடாது. இதற்குப் பெயர் விலை இல்லாமல் வேறென்ன?

அங்கே ஒரு பாட்டி என்னிடம் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துடறாங்க தம்பி. செவ்வாய்க்கிழமை வாங்களேன், ஒருத்தரும் இருக்கமாட்டாங்க."

2007-ல் பெற்றோர் பராமரிப்புக்கென்று பார்லிமெண்டில் ஒரு சட்டமே போட்டார்கள். பிள்ளையிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தர வழி செய்திருக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது வேண்டும், அதில் 150 ஏழை முதியவர்களுக்காவது இடம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். தாயைத் தெருவில் விட்டவனுக்கு மூன்று மாதம் ஜெயில் உண்டு. நல்ல சட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாட்டி கேட்டது ரூபாய் அல்லவே! செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பக்கத்தில் ஓர் ஆள். அதற்கு எந்தத் தாசில்தாரிடம் மனுக் கொடுப்பது?

இனிமேல் "அவர்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்கிற நண்பருக்கு அந்த இல்லத்தின் விலாசத்தைக் கொடுப்பதாக இருக்கிறேன். நூறடி ரோட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கேசரி வேண்டாம்.