தேச நலனில் யார் சேர்த்தி?

வெளிநாட்டுக் கொள்கை பெரிய படிப்பாளிகள் சமாச்சாரம், பால்மரம் வெட்டுகிறவனுக்கு அது எதற்கு என்று கேட்போர் நம் தோட்டங்களில் உண்டு. கிராணிமாரிலும் உண்டு. அவர்கள் இலங்கைத் தோட்டங்களின் கதையைக் கேட்கட்டும்.

உலக அரசியல் வலிமைக்கான போராட்டமே, ஒவ்வொரு நாடும் தன் நலனையே நாடும் என்று 1948இல் நூலெழுதினார் அமெரிக்கப் பேராசிரியர் ஹான்ஸ் மார்கெந்தோ. இருக்கட்டும். நாடு என்றால் யார் யார்? அதே 1948இல் இலங்கை அரசு ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1952இல் அமெரிக்கா முகம் சுளிக்கச் சுளிக்க, ஆண்டுக்கு 50,000 டன் ரப்பருக்கு 2,70,000 டன் அரிசி என்று சீனாவோடு ஒப்பந்தமும் செய்தது. துணிச்சல்தான், மெச்சுகிறோம். ஆனால் அந்த ரப்பரில் பால் வெட்டிய எத்தனையோ கைகளுக்கு வாக்குச் சீட்டு இல்லை!

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாமாம். 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். செக்ரோல் எழுதுகிற எங்களுக்கு ஆள் கணக்கு புதிதல்ல. அதில்கூட ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. இங்கே யாரைக் கேட்டார்கள்? அக்காள் அக்கரையில், தம்பி இக்கரையில் என்று குடும்பங்கள் பிரிந்தன.

எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் இலங்கையில் 2003இல் நிறைவேறியது. நடுவே 55 ஆண்டுகள்.