தேங்காய்க் கணக்கு

அல்ஜீப்ரா என்றதும் உங்களில் எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்குகிறது? கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். பள்ளியில் அந்தப் பாடத்தில் கோட்டை விட்டவள் நான். 'இயற்கணிதம்' என்று அழகாகத் தமிழில் பெயர் வைத்த பிறகும் அது என்னைப் பார்த்து முறைப்பதை நிறுத்தவில்லை.

அப்படிப்பட்டவள் இரண்டு மாதமாக, மத்தியானத் தூக்கத்தை விட்டுக் கணக்குப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். காரணம், எதிர் வீட்டுப் பெண். கணவர் போய் ஒரு வருஷமாகிறது. ஒன்பதாவதோடு நின்ற படிப்பு. வேலை கேட்டுப் போன இடத்தில், பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்றார்களாம். தனித்தேர்வராக எழுதப் போகிறாள். "அக்கா, மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். இந்த எக்ஸ், ஒய் மட்டும் சொல்லிக் கொடுங்கள்" என்று வந்து நின்றாள். எனக்கும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்தோம். மூன்றாவது பக்கத்திலேயே மூச்சு முட்டியது. கௌரவத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஆறாம் வகுப்புக்கு இறங்கினோம். அங்கேதான் விஷயம் புரிந்தது. எக்ஸ் என்பது பூதமல்ல. இன்னும் தெரியாத ஓர் எண்ணுக்கு வைத்த பெயர். சமன்பாடு ஒரு தராசு. ஒரு தட்டிலிருந்து எடுத்தால் மறு தட்டிலிருந்தும் அதே அளவு எடுக்க வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் நூற்பெயரில் வரும் 'அல்-ஜபர்' என்ற சொல்தான் அல்ஜீப்ரா ஆயிற்று. "அந்தப் பக்கம் போனால் பிளஸ் மைனஸாகிவிடும்" என்று மந்திரம் மாதிரி உருப்போட்டேனே, அந்த நாளில் யாராவது ஒரு தராசைக் காட்டியிருக்கக் கூடாதோ!

ஆனால் என்னை நிஜமாகவே கவிழ்த்தது அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் மைனஸ். கேளுங்கள். நூறு ரூபாயோடு கடைக்குப் போகிறீர்கள். மூன்று தேங்காய் வாங்குகிறீர்கள். பேரம் பேசியதில் கடைக்காரர் காய்க்கு 2 ரூபாய் குறைக்கிறார். மீதி 10 ரூபாய். அவர் முதலில் சொன்ன விலை என்ன? விலையை 'வி' என்று வைத்து எழுதினேன்:

100 − 3(வி − 2) = 10

அடைப்பை நீக்கி, 100 − 3வி − 6 என்று போட்டேன். விடை 28. பின்னம் கின்னம் இல்லாமல் முழுசாக வந்ததால் சரியென்றே நம்பினேன். எதிர் வீட்டுப் பெண்தான், "கடையில் கொடுத்துப் பார்ப்போமா அக்கா?" என்றாள். 28-இல் 2 போனால் 26. மூன்று காய் 78. மீதி 22 அல்லவா வருகிறது!

எங்கே பிசகு? முழு விலையை மூன்று தடவை கழித்தால், காய்க்கு 2 ரூபாய் அதிகமாகக் கழித்துவிட்டோம். அந்த 6 ரூபாய் திரும்பி நம் கைக்கு வர வேண்டும். ஆகவே மைனஸ் 6 அல்ல, பிளஸ் 6. 106 − 3வி = 10. வி = 32. காய் 30 ரூபாய், மூன்று 90, மீதி 10. அன்றைக்கு நான் எழுந்து இன்னொரு காபி கலந்துகொண்டேன்.

தப்பை அழிக்காதீர்கள் என்பேன். எங்கள் நோட்டில் அந்த 28 அடித்த கோட்டோடு அப்படியே இருக்கிறது. புத்தகத்தின் கடைசியில் உள்ள விடையைப் பார்க்குமுன், இப்படிக் கடையில் கொடுத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

நம்முடையதைப் போன்ற ஒரு பத்திரிகையைப் புரட்டி அல்ஜீப்ராவில் விழுந்தவள் ஒருத்தி உண்டு. ஸ்காட்லாந்தில் 1780-இல் பிறந்த மேரி சாமர்வில். பெண்களின் உடைப் படங்களும் புதிர்களும் போட்ட மாதப் பத்திரிகையில் எக்ஸும் ஒய்யும் கண்டு, இது என்ன என்று விசாரித்தாள். தம்பியின் வாத்தியார் மூலம் புத்தகம் தருவித்து இரவில் படித்தாள். மெழுகுவத்தி சீக்கிரம் தீர்கிறதே என்று வீட்டில் கண்டுபிடித்து, அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். இருட்டில் மனத்துக்குள்ளேயே போட்டுப் பார்த்தாளாம். பிறகு லாப்லாஸின் வான நூலை ஆங்கிலத்தில் தந்து 1831-இல் புகழ் பெற்றாள். 91 வயதில், காலையில் நாலைந்து மணி நேரம் உயர் இயற்கணிதம் படிப்பதாகவும், இன்று வராத கணக்கை நாளை மறுபடி பிடிப்பதாகவும் எழுதியிருக்கிறாள். இதை எதிர் வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். "நமக்கு மெழுகுவத்தித் தொல்லையாவது இல்லையே" என்றாள்.

இப்போது எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டோம். நேற்று ஒரு கணக்கு எனக்கு நாலு தடவை போட்டும் வரவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, கடைக்காரர் குறைத்த பணத்தை மறுபடியும் அவரிடமே விட்டுவிட்டு வந்துவிட்டீர்களே!"