அன்பும் விழிப்பும்

நோய்களுள் சில மருந்தால் தீரும். சில அறுவை மருத்துவத்தால் தீரும். இவ்விரண்டும் இன்றி, உண்ணும் முறை ஒன்றாலேயே தணியும் நோயும் உண்டு. 'சீலியாக்' என்பது அத்தகைய நோய். அந்நோய் கண்ட குழந்தையை நலம்பெறச் செய்வோர் மருத்துவர் மட்டும் அல்லர். அதற்கு உணவு இடுவோரும், அதனோடு அமர்ந்து உண்போரும் ஆவர்.

கோதுமை, வாற்கோதுமை எனப்படும் பார்லி, ரை என்னும் மேனாட்டுத் தானியம் ஆகியவற்றில் குளுட்டன் என்னும் புரதம் உள்ளது. பெரும்பாலோர்க்கு அது தீங்கு செய்வதில்லை. சீலியாக் நோயுடையவர் உடலிலோ, காவல் புரிய வேண்டிய எதிர்ப்பாற்றலே குளுட்டனால் கிளர்ந்தெழுந்து, தன் குடலையே தாக்குகின்றது. உணவின் சத்தை ஏற்பதற்கெனச் சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. பிறகு எத்துணை உண்டாலும் சத்து உடலில் சேர்வதில்லை. வயிறு உப்பும், கைகால்கள் மெலியும், வளர்ச்சி தடைப்படும், கலகலப்பாக இருந்த குழந்தை ஓயாமல் சிணுங்கும்.

1888ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக விளக்கினார். இதற்குத் தீர்வு உண்டெனின் அஃது உணவு முறையிலேதான் உண்டு என்றும் அவர் கருதினார். ஆயினும், விலக்க வேண்டிய உணவு எது என்பது அவர்க்குப் புலப்படவில்லை. அதனைக் கண்டவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கி. ஹேக் நகர மருத்துவமனையில் பணியாற்றிய அவர், கோதுமையே பகை என்று போருக்கு முன்னரே ஐயுற்றிருந்தார். 1944ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டின் மேற்குப் பகுதியைக் கொடும்பஞ்சம் சூழ்ந்தது. ரொட்டி அரிதாயிற்று, மக்கள் துலிப் மலரின் கிழங்கையும் அவித்து உண்டனர். நாடே வாடிய அந்நாளில் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் தேறினர். பஞ்சம் நீங்கி ரொட்டி மீண்டபோது நோயும் மீண்டது. டிக்கியின் ஐயம் உறுதிப்பட்டது. 1950ஆம் ஆண்டில் அவர் தம் ஆய்வுநூலை வெளியிட்டார்.

அன்று கண்ட உண்மையே இன்றும் சிகிச்சைக்கு அடிப்படை. குளுட்டனை முற்றிலும் விலக்கினால் குழந்தையின் முகம் பெரும்பாலும் சில வாரங்களிலேயே தெளியும், எடை கூடும், உயரமும் மெல்ல மெல்ல ஈடாகும். குடல் முழுதும் ஆறுதற்கு மாதங்கள் பல ஆகும். சிலர்க்கு ஆண்டுகளும் ஆகும். ஆனால், ஐயம் எழுந்தவுடன் பெற்றோர் தாமே கோதுமையை நிறுத்திவிடுதல் தவறு. வழக்கமான உணவை உண்டுவரும்போது செய்யும் இரத்தச் சோதனையும் குடற்சோதனையுமே நோயைச் சரியாகக் காட்டும்.

நோய் இன்னதெனத் தெளிந்தபின் எதிர்ப்படும் பெரும் இடையூறு பகைமையன்று, அன்பே ஆகும். "பாவம், குழந்தை ஆசைப்படுகிறது, ஒரே ஒரு பிஸ்கட்டுத்தானே!" என்று பாட்டி கொடுப்பார். "ஒரு வாய் தின்றால் என்ன ஆகிவிடும்?" என்று விருந்தினர் கேட்பார். அந்த ஒரு வாய் நாள்தோறும் தொடருமாயின், ஆறிவரும் குடல் மீண்டும் புண்படும். சில குழந்தைகளுக்கு வெளியே துன்பம் ஒன்றும் தோன்றாது. உள்ளே கேடு நடந்துகொண்டிருக்கும். ஆதலின், அறியாமையோடு கூடிய இரக்கம் இரக்கமாகாது. இல்லை என்று மறுப்பதே அங்குப் பேரன்பாகும்.

இந்தியாவில் கோதுமை மிகுதியாக உண்ணும் வடபகுதிகளில் இந்நோய் மிகுதி, தென்னகத்தில் குறைவு. எனினும் இங்கும் அஃது இல்லாமல் இல்லை. தமிழர் சமையலறை இந்நோய்க்கு ஒருவகையில் நட்பானது. இட்லி, இடியாப்பம், புட்டு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தினை, சாமை, பருப்பு ஆகியவற்றில் இயல்பாகக் குளுட்டன் இல்லை. ஆயினும் பகை மறைந்து நிற்கும் இடங்களும் உண்டு. ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமையே. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருத்தல் உண்டு. மால்ட் பானங்களில் பார்லி இருக்கும். பூரி பொரித்த எண்ணெயில் பொரித்த உளுந்துவடையும் ஆகாது. கோதுமை அரைத்த எந்திரத்தில் அரைத்த கேழ்வரகும் ஆகாது.

உடல் தேறுவது போலவே உள்ளமும் தேறல் வேண்டும். வகுப்பில் பிறந்தநாள் கேக் வழங்கும்போது வெறுங்கையோடு அமர்ந்திருக்கும் சிறுவனுக்கு நோயைவிடத் தனிமையே பெரிய துன்பம். அதனைப் போக்க நல்ல வழி, அவனுக்கெனத் தனியே ஒரு தட்டு வைப்பதன்று. அவனும் உண்ணத்தக்கதை எல்லார்க்கும் வைப்பதே ஆகும். கேக்கிற்குப் பதிலாகக் கடலை மிட்டாய் வழங்கினால் எவர்க்கு என்ன இழப்பு? வீட்டார் இரவில் சப்பாத்தியை விடுத்துத் தோசை உண்டால் எவர்க்கு என்ன குறை? "எனக்கு இது ஆகாது" என்று நாணமின்றிச் சொல்லும் துணிவைப் பெற்றோர் கற்பித்தல் வேண்டும். அதனைக் கேட்டு நகையாமல் துணைநிற்கும் பண்பைத் தோழர் கற்றல் வேண்டும்.

ஒரு குழந்தையின் நலம் ஒரு குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒரு வகுப்பின் பெருந்தன்மையிலும் இருக்கிறது. மாத்திரை கொடுப்பது எளிது. பழக்கத்தை மாற்றுவது அரிது. அரியதைச் செய்ய முன்வருவோரே அக்குழந்தைக்கு உண்மையான உறவினர் ஆவர்.