முதலில் விலையைச் சொல்லுங்கள்

அமெரிக்காவில் தனியார் கல்லூரி என்றாலே பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கானது என்று இங்கே பலரும் நினைக்கிறார்கள். அந்த நாட்டு மக்களிலும் பலருக்கு அதே எண்ணம்தான். அப்படி நினைக்கக் காரணம் இல்லாமல் இல்லை. லாப நோக்கமற்ற நான்காண்டுத் தனியார் கல்லூரிகள் 2024-25 கல்வியாண்டுக்கு அறிவித்த கல்விக் கட்டணத்தின் சராசரி 43,350 டாலர். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தனியே இன்னும் 15,000 டாலருக்கு மேல். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு அரைக் கோடியைத் தொட்டுவிடும்.

ஆனால் அந்தத் தொகையை அப்படியே கட்டுபவர்கள் குறைவு. காலேஜ் போர்டு அமைப்பின் மதிப்பீட்டின்படி, அதே ஆண்டில் முதலாமாண்டு முழுநேர மாணவர்களுக்கு உதவித்தொகை போக மிஞ்சிய கல்விக் கட்டணம் சராசரியாக 16,510 டாலர்தான். அறிவித்ததில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இந்தத் தொகை 2006-07இல் இருந்ததைவிடக் குறைவு. அறிவிக்கும் கட்டணம் ஏறிக்கொண்டே போக, கட்டும் கட்டணம் இறங்கியிருக்கிறது.

ஆக, உதவித்தொகை செலவைக் குறைக்கிறதா என்று கேட்டால், குறைக்கிறது, அதுவும் நிறையவே. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தனக்கு எவ்வளவு குறையும் என்பது ஒரு மாணவிக்கு எப்போது தெரிகிறது? விண்ணப்பித்து, கட்டுரைகள் எழுதி, படிவங்கள் நிரப்பி, இடமும் கிடைத்த பிறகு வரும் கடிதத்தில். அதுவரை அவள் கண்ணில் படுவது அந்தப் பெரிய தொகை மட்டுமே. அதைப் பார்த்தே விலகிப் போகிறவர்களுக்கு எந்த உதவித்தொகையும் உதவாது.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்க மத்திய அரசு தருவது பெல் கிராண்ட். ரோட் ஐலண்ட் மாநில செனட்டர் கிளைபோர்ன் பெல் முன்னின்று கொண்டுவந்த திட்டம், 1972இல் சட்டமானது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் 2024-25இல் அதன் உச்சவரம்பே 7,395 டாலர். மாநில அரசுகள் கொஞ்சம் தருகின்றன. தனியார் கல்லூரிகளில் பெரும்பங்கு கல்லூரியே விட்டுக்கொடுக்கும் தொகை. கல்லூரி நிதி அலுவலர்களின் தேசியச் சங்கம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில், 2023-24இல் புதிய மாணவர்களுக்குக் கொடுத்த சராசரித் தள்ளுபடி 56 சதவீதத்தைத் தாண்டியது.

தியாகராய நகரின் ஆடித் தள்ளுபடியைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. துணியில் ஒட்டியிருக்கும் விலையில் பாதியை எல்லோருக்கும் கழித்துக் கொடுத்தால், அந்த விலை எதற்கு? கல்லூரி நிர்வாகிகளிடம் இதற்குப் பதில் உண்டு. வசதியுள்ளவர் முழுத் தொகையைக் கட்டட்டும், அது இல்லாதவருக்குப் போய்ச் சேரும் என்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல மாட்டார்கள். இடங்களை நிரப்பத் திணறும் சின்னக் கல்லூரிகள், ‘தகுதி உதவித்தொகை’ என்ற பெயரில், கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கும் பத்தாயிரம், இருபதாயிரம் டாலர் குறைத்து அழைக்கின்றன. பாராட்டுக் கடிதத்தோடு வருவதால் பெற்றோருக்கும் பெருமை. அது உதவி அல்ல, வியாபாரம்.

உண்மையான உதவி என்றால் குடும்பத்தின் தேவையை அளந்து கொடுப்பது. பணபலம் உள்ள கல்லூரிகளால் அது முடிகிறது. பிரின்ஸ்டன் 2001இல் தன் உதவியிலிருந்து கடனையே எடுத்துவிட்டு, முழுவதையும் திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியமாக்கியது. ஹார்வர்டு 2004இல் 40,000 டாலருக்குக் குறைவான வருமானமுள்ள பெற்றோரிடம் எதுவும் கேட்பதில்லை என்று அறிவித்தது. அந்த வரம்பு படிப்படியாக ஏறி, 2025-26 முதல் 1,00,000 டாலராகியிருக்கிறது. அதற்குள் வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கல்வி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். 2,00,000 டாலர் வரை கல்விக் கட்டணம் மட்டும் இல்லை. எம்.ஐ.டி.யும் ஏறக்குறைய இதே வரம்புகளை வைத்திருக்கிறது. பிரின்ஸ்டன் இன்னும் ஒருபடி மேலே போய், முழு இலவசத்துக்கான வரம்பை 1,50,000 டாலராக்கிவிட்டது.

இந்த அறிவிப்புகளைக் கொண்டாடும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஹார்வர்டின் நிதிக் குவியல் 5,000 கோடி டாலருக்கு மேல். அங்கு விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது.

ஆனால் பணமும் பெயரும் இருந்தால்தான் இது முடியும் என்று சொல்லிவிடவும் முடியாது. கென்டக்கி மாநிலத்து மலையடிவாரச் சிற்றூரில் பெரியா கல்லூரி இருக்கிறது. அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்ற பாதிரியார் 1855இல் தொடங்கியது. 1892 முதல் அங்கே ஒரு மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்கியதில்லை. சேரும் மாணவர்களில் பெரும்பாலோர் அப்பலாச்சிய மலைப்பகுதியின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் கல்லூரியில் வேலை செய்தாக வேண்டும்: அலுவலகம், நூலகம், நெசவுக்கூடம், எங்காவது. குறிப்பிட்ட நோக்கம் சொல்லாமல் உயில் வழியாக வரும் நன்கொடைகளை எல்லாம் செலவழிக்காமல் நிரந்தர நிதியில் சேர்ப்பது என்று 1920இல் நிர்வாகக் குழு முடிவெடுத்தது. நூறாண்டுப் பொறுமையின் பலனாக அந்த நிதி இன்று 100 கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. பெரியாவில் சேர நினைக்கும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் பற்றிய குழப்பமே கிடையாது. எல்லோருக்கும் ஒரே எண்: பூஜ்யம்.

இந்தத் தெளிவின் பலத்தை மிச்சிகனில் நடந்த ஒரு சோதனை எண்களாகவே காட்டியது. மிச்சிகன் பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம்தான். ஆனால் அங்கே கிடைத்த பாடம் தனியாருக்கு இன்னும் அதிகம் பொருந்தும். அந்த மாநிலத்தில் நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்கள் பலர் அங்கே விண்ணப்பிப்பதே இல்லை. பொருளாதார அறிஞர் சூசன் டைனார்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் இப்படிப்பட்ட மாணவர்களில் ஒரு பகுதியினருக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரில் கடிதம் அனுப்பச் செய்தார்கள். இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுக்கும் கல்விக் கட்டணம் இல்லை, அதற்காக எந்த வருமானப் படிவமும் நிரப்ப வேண்டாம் என்பதுதான் செய்தி. கடிதம் கிடைத்தவர்களில் 68 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். கிடைக்காதவர்களில் 26 சதவீதம். சேர்ந்தவர்கள் 12 சதவீதத்திலிருந்து 27 ஆனார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பல்கலைக்கழகம் பெரிதாக ஒன்றும் கூடுதலாகக் கொடுக்கவில்லை என்பது. அந்தப் பிள்ளைகளில் மிகப் பலர் வழக்கமான வழியில் விண்ணப்பித்திருந்தாலும் ஏறக்குறைய அதே சலுகை கிடைத்திருக்கும். கிடைக்கலாம் என்பது ‘நிச்சயம் கிடைக்கும்’ என்று மாறியது. பின்னால் தெரியவந்திருக்க வேண்டியது முன்னாலேயே தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

விலையை மறைப்பதில் கல்லூரிகள் கொஞ்சம் கெட்டிக்காரர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளும் எம்.ஐ.டி.யும் ஆண்டுதோறும் கூடி, ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவருக்கு யார் எவ்வளவு உதவி தருவது என்று பேசிவைத்துக்கொண்டன. 1991இல் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்த பிறகே அது நின்றது. 2022இல் இதே மாதிரிக் குற்றச்சாட்டோடு மாணவர்கள் தரப்பில் மறுபடி வழக்கு. 2024 தொடக்கத்துக்குள் யேல், கொலம்பியா உட்பட பத்துப் பல்கலைக்கழகங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, மொத்தம் 28.4 கோடி டாலர் கொடுத்துச் சமரசமாகின. வழக்குத் தொடுக்கப்பட்ட 2022இலேயே அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் கல்லூரிகள் அனுப்பும் உதவிக் கடிதங்களை ஆராய்ந்தது. கட்ட வேண்டிய நிகரத் தொகையைச் சொல்லாமல் விட்டவை அல்லது குறைத்துக் காட்டியவை 91 சதவீதம். கடனையும் ‘உதவி’ என்ற தலைப்பில் சேர்த்துவிடும் கடிதங்களும் உண்டு.

சட்டம் சும்மா இருந்துவிடவில்லை. 2008இல் நிறைவேறிய உயர்கல்விச் சட்டத்தின்படி, 2011 அக்டோபர் முதல் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில், நிகரத் தொகையைக் கணக்கிட்டுப் பார்க்கும் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ வைக்க வேண்டும். பல கல்லூரிகள் வைத்தன. கண்டுபிடிக்க முடியாத மூலையில், நிரப்பி முடிக்க அரை நாள் ஆகும் கேள்விகளோடு. இதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் வெல்லெஸ்லி கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர் ஃபிலிப் லெவின், ஒருசில கேள்விகளில் தோராயத் தொகையைச் சொல்லிவிடும் ‘மை இன்டியூஷன்’ கருவியை உருவாக்கினார். இன்று டஜன் கணக்கான கல்லூரிகளில் அது இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் கல்லூரி வேறு வழியில் போனது. 52,000 டாலருக்கு மேல் இருந்த கட்டணத்தை 35,000 ஆகக் குறைப்பதாக 2018இல் அறிவித்து, போலிப் பெருவிலையையே கைவிட்டது. இந்த நேர்மை மற்றவர்களுக்கும் வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் இதில் சொல்ல வேண்டியது இருக்கிறது. இங்கிருந்து அமெரிக்கா போகிறவர்களில் பெரும்பகுதி முதுகலைக்குப் போகிறவர்கள். மேலே சொன்ன தேவை அடிப்படை உதவி இளநிலைக்கானது. முதுகலைக்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கும் கதைதான் இன்றும். இளநிலையிலும் வெளிநாட்டு மாணவருக்கு பெல் கிராண்ட் கிடையாது. உதவி கேட்டாலே சேர்க்கை வாய்ப்பைக் குறைக்கும் கல்லூரிகள்தான் அதிகம். அப்படிக் குறைக்காமல், வெளிநாட்டவரின் தேவையையும் முழுதாக ஈடுகட்டுபவை ஒரு சில: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் ஆகியவை அவற்றில் அடங்கும். ஹார்வர்டின் முழு இலவச வரம்பான 1,00,000 டாலர் என்பது ரூபாய்க் கணக்கில் 80 லட்சத்துக்கு மேல். இங்கே ஆசிரியராகவோ அரசு அலுவலராகவோ இருக்கும் பெற்றோரின் வருமானம் அதற்கு எவ்வளவோ கீழே. ஆனால் வருமானத்தோடு வீடு, நிலம், வங்கி இருப்பு எல்லாவற்றையும் கேட்பார்கள். ஊரில் பாகம் பிரிக்காமல் கிடக்கும் நிலத்தையும் விளக்கத் தயாராக இருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அமெரிக்கக் கல்லூரி ஆசை இருந்தால், விண்ணப்பம் போடும் முன்பே அந்தந்தக் கல்லூரியின் உதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். உதவி கேட்டால் சேர்க்கை பாதிக்கப்படுமா? தேவை முழுவதையும் ஈடுகட்டுவீர்களா? அதில் கடன் எவ்வளவு? பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். விண்ணப்பத்தின்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் அடுத்த ஆண்டுகளில் கேட்க முடியாது என்பது பல கல்லூரிகளின் விதி.